கூலி, களஞ்சியம், காணி: விவிலிய மாந்தர் வாழ்வில் செல்வம்



தோட்டப்புறங்களில் அன்றாடம் புழங்கும் மூன்று சொற்களோடு இன்றைய உரையைத் தொடங்குவோம். தோட்டம், கங்காணி, வெள்ளி என்பவை அம்மூன்று சொற்கள். ரப்பரும் செம்பனையும் நின்ற இடம் நமக்குத் தோட்டம். ஆள் திரட்டி வந்து வேலையில் மேற்பார்வை செய்தவர் கங்காணி. கையில் வாங்கும் சம்பளம் வெள்ளி. கிறிஸ்தவர்களின் மறைநூலான விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பைப் புரட்டினால், இதே மூன்று சொற்களும் அங்கே எதிர்ப்படுகின்றன. திராட்சை விளையும் நிலம் அங்கே திராட்சத்தோட்டம். சபையை மேற்பார்க்கும் பெரியவர் கண்காணி. ஆபிரகாம் நிலம் வாங்கத் தராசில் நிறுத்துக் கொடுத்ததும் வெள்ளியே. புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது 1715-ஆம் ஆண்டில், தரங்கம்பாடியில். அன்று தொட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் உழவர், கூலியாள், வணிகர் பேச்சிலிருந்தே சொற்களை எடுத்தாண்டு வந்திருக்கிறார்கள்.

ஆகவே, எச்சமயத்தைச் சேர்ந்தவராயினும், அந்நூலில் வரும் மனிதர்கள் எவ்வாறு பொருள் ஈட்டினார்கள், எவ்வாறு இழந்தார்கள், யாரிடம் ஏமாந்தார்கள் என்று அறிவது நமக்குப் பயன் தரும். நாம் பேசப்போவது சமயப் போதனை அன்று. பழங்கால மேற்காசியாவின் கொடுக்கல் வாங்கலைப் பற்றிய வரலாற்றுப் பேச்சு இது. ஆபிரகாம், யாக்கோபு, யோசேப்பு ஆகியோரின் பெயர்கள் அக்காலத்து வேற்று நாட்டு ஏடுகளில் காணப்படவில்லை. எனினும், அவர்கள் கதைகளில் வரும் கூலி ஒப்பந்தம், தராசு, அடமானம், நிலப் பத்திரம் ஆகியவை அந்நாடுகளில் உண்மையாகவே நிலவியவை. அதற்குத் தொல்பொருள் சான்றுகள் நிறைய உண்டு.

முதலில் கூலியைப் பார்ப்போம்.

யாக்கோபு சொந்த ஊரை விட்டு, கையில் ஒரு கோலோடு, தாய்மாமன் லாபானிடம் பிழைக்கப் போனவர். மாமன் மகள் ராகேலை மணப்பதற்காக ஏழாண்டு உழைப்பதாகப் பேச்சு. ஏழாண்டு முடிந்ததும், முக்காடு போட்ட மணப்பெண்ணாக மூத்தவள் லேயாளைக் கொடுத்துவிட்டார் மாமன். ராகேலுக்காக மேலும் ஏழாண்டு. அதன்பின் மந்தைக்காக ஆறாண்டு. ஆக இருபது ஆண்டுகள். இந்த இருபது ஆண்டில் லாபான் பத்து முறை சம்பளத்தை மாற்றினார் என்று யாக்கோபு முறையிடுகிறார். பகலில் வெயிலும் இரவில் குளிரும் தம்மை வாட்டியதையும், காட்டு விலங்கு அடித்த ஆட்டின் விலை தம் கணக்கில் பிடிக்கப்பட்டதையும் அவர் சொல்லிக் காட்டுகிறார்.

இந்தக் கதையைக் கேட்கும் தோட்டத்துப் பெரியவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. நம் முன்னோர்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தபோது, வாய்ச்சொல்லை நம்பித்தான் வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. கங்காணி முறையில் ஆள் அனுப்புவதை 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு நிறுத்தியது. வந்தவர்கள் பெரும்பாலும் உறவினர் ஒருவரை நம்பி வந்தவர்களே. கங்காணி அண்ணன் முறை, மாமன் முறை ஆனவராக இருப்பார். உறவு என்ற காரணத்தால் கணக்குக் கேட்கக் கூச்சப்பட்டார்கள். யாக்கோபுக்கும் அதே கூச்சம்தான். கடைசியில் அவர் கண்ட வழி, அடையாளம் வைத்துப் பேசுவதாகும். புள்ளியும் வரியும் உள்ள ஆடுகள் எனக்கு, மற்றவை உனக்கு என்று ஒப்பந்தம் செய்தார். கண்ணால் பார்த்து எவரும் பிரித்தறியக்கூடிய ஒப்பந்தம் அது. அதுதான் அவருடைய சம்பளச் சீட்டு.

பின்னாளில் இஸ்ரவேல் மக்களின் சட்டத்தில் இரண்டு விதிகள் இடம்பெற்றன. தினக்கூலியின் சம்பளத்தைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒன்று. பையில் பெரிய படிக்கல்லும் சிறிய படிக்கல்லுமாக இருவகை எடைக்கல் வைத்திருக்கக் கூடாது என்பது மற்றொன்று. வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது ஒரு கல் என்ற சூழ்ச்சி இருந்ததால்தானே இத்தகைய விதி தேவைப்பட்டது! ஆமோஸ் என்பவர் ஆடு மேய்த்தவர், காட்டத்திப் பழம் பறித்தவர். கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் அவர் வடநாட்டுக்குப் போய், படியைச் சிறிதாக்கித் தராசைப் புரட்டும் வணிகர்களைக் கண்டித்தார். அக்காலத்திய யூதேயாவின் எடைக்கற்கள் நிலத்திலிருந்து தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கொண்டு, ஒரு சேக்கல் என்பது ஏறத்தாழ 11 கிராம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பால் நிறுக்கும் இடத்தில் வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்குத் தராசின் அருமை தெரியும். பாலின் எடை மட்டும் போதாது. அதில் எத்தனை பங்கு காய்ந்த ரப்பர் என்ற கணக்கும் சம்பளத்தைத் தீர்மானிக்கும். அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த வீட்டை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், சம்பளக் காலம் முடிந்த ஏழு நாள்களுக்குள் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. பொழுது சாய்வதற்குள் என்ற அந்தப் பழைய விதிக்கு இது தூரத்து உறவு என்று சொல்லலாம்.

கூலியைப் பற்றி இயேசு சொன்ன ஒரு கதையும் உண்டு. திராட்சத்தோட்டத்து முதலாளி விடியற்காலையில் சந்தைவெளிக்குப் போய், நாளுக்கு ஒரு வெள்ளிப் பணம் என்று பேசி ஆள் எடுக்கிறார். அந்த நாணயத்தை ரோமர்கள் தெனாரியஸ் என்றார்கள். முதலாளி பிறகு ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், பிற்பகலிலும், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் ஆள் எடுக்கிறார். கடைசியாக நின்றவர்களிடம், ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள். மாலையில் எல்லாருக்கும் அதே ஒரு பணம். முழுநாள் உழைத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

இக்கதைக்குச் சமய விளக்கங்கள் பல உண்டு. பொருளாதாரக் கண்ணால் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அந்த ஒரு பணம் ஒரு குடும்பத்தின் ஒருநாள் சாப்பாடு. வேலை கிடைக்காத மனிதனின் பிள்ளைக்கும் பசி அதே அளவுதான். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் மரம் வெட்ட முடியாது. லாபு, ரந்தாவ், பாகாவ், தம்பின் வட்டாரத் தோட்டங்களில் கொட்டும் மழையைப் பார்த்தபடி, இன்றைய கூலி போயிற்றே என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரியும். தவறு அவர்களுடையது அன்று. போருக்குப் பின் நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியாற்றிய பி. பி. நாராயணன் முதலியோர் பேசியதும் இந்த நியாயத்தைத்தான். பல மாநிலச் சங்கங்கள் 1954-ஆம் ஆண்டில் ஒன்றுபட்டுத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. நாடு முழுமைக்குமான குறைந்தபட்சச் சம்பளம் 2013-ஆம் ஆண்டில்தான் நடப்புக்கு வந்தது. அப்போது தீபகற்பத்தில் அது 900 வெள்ளி. 2025-இல் அது 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது.

இனி, களஞ்சியத்திற்கு வருவோம்.

யோசேப்பு தம் அண்ணன்மார்களாலேயே இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டவர். எகிப்தில் அடிமையாகவும் கைதியாகவும் இருந்து, பின் பார்வோனின் தலைமை அமைச்சரானார். ஏழாண்டு செழிப்பும் ஏழாண்டு பஞ்சமும் வரும் என்று கண்டு, செழிப்பான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்கச் செய்தார். பஞ்சம் வந்தபோது எகிப்தில் தானியம் இருந்தது. சேமிப்பின் பெருமைக்கு இக்கதையைச் சொல்லாத ஆசிரியர் இல்லை.

ஆனால், கதை அத்தோடு முடியவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பஞ்சத்தின்போது அத்தானியம் இலவசமாகக் கொடுக்கப்படவில்லை, விலைக்கு விற்கப்பட்டது. முதலில் மக்களின் பணம் எல்லாம் அரண்மனைக்குப் போயிற்று. அடுத்து அவர்களுடைய குதிரை, ஆடு, மாடு, கழுதைகள் போயின. அதற்கடுத்த ஆண்டு அவர்கள் நிலத்தையும் தங்களையுமே கொடுத்தார்கள். பஞ்சம் நீங்கியபின், தாங்கள் முன்பு சொந்தமாக உழுத நிலத்தையே அரசனுடைய நிலமாக உழுது, ஐந்தில் ஒரு பங்கை நிரந்தர வரியாகக் கட்டினார்கள். கோயில் குருமார்களின் நிலம் மட்டும் தப்பியது.

மக்கள் விளைவித்த தானியம்தான் அது. அதைக் காத்து வைத்தது அறிவுடைமை, அதில் ஐயமில்லை. ஆயினும், களஞ்சியத்தின் சாவி மக்கள் கையில் இல்லை. ஆகவே, அவர்கள் சேமிப்பே அவர்களை அடிமையாக்கியது. சேமித்தால் மட்டும் போதாது. சேமிப்பு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

நம் நாட்டில் 1951-ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதி ஏற்படுத்தப்பட்டது. தொடக்கத்தில் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்து, முதலாளியின் பங்காக நூற்றுக்கு ஐந்து. இன்று தொழிலாளியின் பங்கு மட்டும் நூற்றுக்குப் பதினொன்று. இந்தக் களஞ்சியம் தொழிலாளியின் பெயரில் இருக்கிறது என்பதே இதன் சிறப்பு. வீடு வாங்க அதில் ஒரு பகுதியை எடுக்கலாம். ஆனால், சந்தா ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று கணக்கறிக்கையைப் பார்ப்பதும், தமக்குப்பின் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று வாரிசைப் பதிவு செய்வதும் நம் பொறுப்பு. வாரிசு நியமனம் செய்யாமல் தகப்பனார் இறந்துவிட்டால், துக்கத்தோடு அலைச்சலும் சேர்ந்துகொள்கிறது.

வணிகம் என்றதும் நினைவுக்கு வருபவர் சாலொமோன். தீரு நகரத்து மன்னன் ஈராமோடு கூட்டுச் சேர்ந்து அவர் செங்கடலில் கப்பல் விட்டார். மூன்றாண்டுக்கு ஒருமுறை அவருடைய கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொண்டு வந்தனவாம். இங்கே தமிழர்க்கு ஒரு சுவையான செய்தி உண்டு. மயிலுக்கு எபிரேய நூலில் வழங்கும் சொல் துக்கிய்யீம். இது நம் தோகை என்ற சொல்லிலிருந்து போயிருக்க வேண்டும் என்று கால்டுவெல் 1856-இல் தம் ஒப்பிலக்கண நூலில் எழுதினார். அறிஞர் பலர் இதை ஏற்றனர்; மறுப்போரும் உண்டு. எப்படியாயினும், நம் முன்னோர் நாட்டுச் சரக்கு கடல் கடந்து போன பழைமை ஆராயத்தக்கது.

மயிலும் தந்தமும் அரண்மனைக்கு அழகு சேர்த்தன. ஆனால், அந்த அழகுக்கு விலை கொடுத்தவர் யார்? லெபனோனில் மரம் வெட்ட முப்பதாயிரம் பேர், மாதத்திற்குப் பத்தாயிரம் பேராக முறைவைத்து அனுப்பப்பட்டார்கள். மரத்திற்கு ஈடாக ஆண்டுதோறும் கோதுமையும் எண்ணெயும் ஈராமுக்குப் போயின. இருபது ஆண்டு கட்டட வேலை முடிந்தபோது, கலிலேயாவிலுள்ள இருபது ஊர்களையே சாலொமோன் ஈராமுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. சாலொமோன் இறந்ததும், எங்கள் நுகத்தை இலகுவாக்கும் என்று மக்கள் அவர் மகனிடம் கேட்டார்கள். அவன் மறுத்தான். மக்கள், கட்டாய வேலைக்கு ஆள் பிடித்த அதிகாரியைக் கல்லெறிந்து கொன்றார்கள். கி.மு. 930-ஐ ஒட்டி நாடு இரண்டாகப் பிளந்தது. உழைப்பவனைக் கேட்காமல் சேர்த்த செல்வம் ஒரு தலைமுறைகூட நிலைக்கவில்லை.

கடனைப் பற்றியும் ஒரு சொல். கி.மு. 445-ஐ ஒட்டி நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஆண்களும் பெண்களும் கூடி ஓலமிட்டார்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் வீட்டையும் அடமானம் வைத்தோம், அரசனுக்கு வரி கட்டக் கடன் வாங்கினோம், இப்போது பிள்ளைகளையே அடிமையாக விடுகிறோம் என்பது அவர்கள் முறையீடு. கடன் கொடுத்தவர்கள் அந்நியர் அல்லர். அதே இனத்துப் பெரிய மனிதர்கள். நெகேமியா ஊர்க்கூட்டம் கூட்டி, வயலையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். தாமும் தம் ஆள்களும்கூடக் கடன் கொடுத்திருந்ததை அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் வட்டிக்கு வாங்கி, அடையாள அட்டையையும் வங்கி அட்டையையும் கடன்காரரிடம் கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்கும் நிலை இன்றும் நம்மிடையே உண்டு. அட்டையை அடகு வைப்பது பிள்ளையை அடகு வைப்பதற்கு ஒரு படிதான் குறைவு.

கடைசியாகக் காணிக்கு, அதாவது நிலத்திற்கு வருவோம். இதுவே நம் நெஞ்சைத் தொடும் பகுதி.

ஆபிரகாமுக்கு ஆடு மாடும் வெள்ளியும் பொன்னும் ஏராளம். ஆனால், மனைவி சாராள் இறந்தபோது, அடக்கம் செய்ய ஓரடி நிலம் அவருக்குச் சொந்தமாக இல்லை. எபிரோன் ஊர்வாசலில், ஊரார் முன்னிலையில், மக்பேலா என்ற நிலத்தையும் குகையையும் கேட்டார். உரிமையாளர் சும்மாவே தருகிறேன் என்றார். ஆபிரகாம் அதை ஏற்கவில்லை. நானூறு சேக்கல் வெள்ளி, ஏறத்தாழ நாலரைக் கிலோ, நிறுத்துக் கொடுத்தார். சும்மா கிடைத்தது நாளை சும்மாவே போய்விடும் என்பது நாடோடியாக வாழ்ந்த அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருந்தது.

நாபோத் என்பவனின் கதை வேறு. அவனுடைய திராட்சத்தோட்டம் ஆகாப் மன்னனின் அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்தது. அதைக் கீரைக்கொல்லை ஆக்க விரும்பினான் மன்னன். வேறு நல்ல தோட்டமோ, பணமோ தருகிறேன் என்றான். பாட்டன் முப்பாட்டன் சொத்தைத் தரமாட்டேன் என்றான் நாபோத். ராணி யேசபேல் பொய்ச் சாட்சிகளை நிறுத்தி, நாபோத்தைக் கல்லெறிந்து கொல்லச் செய்தாள். தோட்டம் அரசனுக்குப் போயிற்று. அத்துடன் அவ்வம்சத்தின் அழிவும் தொடங்கியது என்கிறது அந்நூல்.

நாபோத்திடம் பாட்டன் சொத்து இருந்தது. நம் தாத்தா பாட்டிகளிடம் என்ன இருந்தது? காட்டை அழித்தவர்கள் அவர்கள். நிரை பிடித்து மரம் நட்டவர்கள் அவர்கள். மாரியம்மன் கோயிலும் சிறு தேவாலயமும் கட்டியவர்கள் அவர்கள். ஆனால், குடியிருந்த லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். சிரம்பானையும் நீலாயையும் சுற்றிப் பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்தில், என் இடம் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் வெளியேறிய குடும்பங்கள் எத்தனை!

காகிதத்தின் பெருமையை எரேமியா காட்டுகிறார். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த நேரம். நகரம் கி.மு. 586 அளவில் வீழ்ந்தது. அதற்குச் சற்று முன் நடந்தது இது. எரேமியா காவலில் அடைபட்டிருந்தார். அப்போது அவர் தந்தையின் உடன்பிறந்தார் மகன் வந்து, ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்றான். எதிரி வசமாகப் போகும் நிலத்தை எவர் வாங்குவார்? எரேமியா வாங்கினார். பதினேழு சேக்கல் வெள்ளி, அதாவது இருநூறு கிராமுக்கும் குறைவான வெள்ளி. பத்திரம் எழுதி, சாட்சிகளின் கையொப்பம் பெற்று, முத்திரையிட்ட படி ஒன்றும் திறந்த படி ஒன்றுமாக இரண்டையும் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமலிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இந்நாட்டில் மறுபடியும் வீடும் வயலும் வாங்கப்படும் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அவர் பேச்சோடு நிறுத்தவில்லை, பத்திரமாக்கி வைத்தார்.

இப்படி ஒரே பத்திரத்தை மூடியும் திறந்தும் எழுதும் வழக்கம் பிற்காலத்திலும் நீடித்ததற்குச் சான்று கிடைத்துள்ளது. சாக்கடலை அடுத்த குகையொன்றில் 1961-ஆம் ஆண்டில் ஒரு தோல்பை கண்டெடுக்கப்பட்டது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாபத்தா என்ற யூதப் பெண்ணின் பை அது. உள்ளே முப்பத்தைந்து ஆவணங்கள் இருந்தன. பேரீச்சந்தோப்பின் பதிவு, திருமண ஒப்பந்தம், தந்தையை இழந்த மகனின் பராமரிப்புப் பணத்திற்காக அவள் தொடுத்த வழக்கு எல்லாம் அதில் உண்டு. போருக்கு அஞ்சிக் குகையில் ஒளிந்தபோதும் அவள் அந்தப் பையை விடவில்லை. இத்தனைக்கும் அவளுக்கு எழுதத் தெரியாது. அவளுக்காக வேறொருவர் கையெழுத்திட்டார். எழுதத் தெரியாத தாய், எழுத்தின் மதிப்பை எவ்வளவு நன்றாக அறிந்திருந்தாள்!

பெண்களும் நிலமும் என்றால், நெகிரி செம்பிலானில் வாழும் நாம் அயலாரைப் பார்த்தே அறியலாம். இம்மாநில மலாய்க்காரர்களின் பெர்பாத்தே வழக்கப்படி, பரம்பரை நிலம் தாய்வழியாக மகளுக்குப் போகிறது. 1909-ஆம் ஆண்டிலேயே அவ்வழக்கைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. விவிலியத்திலும் செலொப்பியாத் என்பவரின் ஐந்து புதல்வியர், மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள், சபையின் முன் வந்து நின்றார்கள். எங்கள் தந்தைக்கு மகன் இல்லை என்பதால் அவர் பெயர் அற்றுப்போக வேண்டுமா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று தீர்ப்பாயிற்று. மகன் இல்லையேல் மகளுக்குச் சொத்து என்று சட்டம் பிறந்தது. பின்பு, தங்கள் குலத்திற்குள்ளேயே மணம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. முழு உரிமை அன்று. ஆயினும் ஐந்து பெண்கள் துணிந்து கேட்டதால் கிடைத்தது.

கேட்டுப் பெறுவது ஒருவழி. கூடி வாங்குவது மற்றொரு வழி. அதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1950-களில், வெளிநாட்டுக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலையும் வீடும் ஒருங்கே இழந்து தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். அப்போது அமைச்சராயிருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டந்தோட்டமாகச் சென்று உறுப்பினர் சேர்த்தார். பங்கின் விலை நூறு வெள்ளி. அதையும் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பால்மரம் வெட்டிய கைகள் கொடுத்த அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்து, 1961-ஆம் ஆண்டில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கின. தொடர்ந்து வேறு தோட்டங்களும் வாங்கப்பட்டன. பாபத்தாவின் தோல்பை குகையிலிருந்து வெளிவந்த அதே ஆண்டில், தோட்டத் தொழிலாளியும் ஒரு தோட்டத்தின் பங்காளியானான்.

யாக்கோபு தனியாளாக நின்றதால் இருபது ஆண்டு ஏமாந்தார். எகிப்திய மக்களின் களஞ்சியத்திற்குச் சாவி வேறொருவர் கையில் இருந்தது. நாபோத்துக்குச் சாட்சி சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. கூட்டுறவு என்பது இம்மூன்று குறைக்கும் மருந்து. ஆனால், மருந்தும் கவனமில்லாவிட்டால் கெட்டுப்போகும். ஆண்டுக் கூட்டத்திற்குப் போகாத உறுப்பினனும், கணக்கைப் படிக்காத பங்குதாரனும் தம் சாவியைத் தாமே தொலைத்தவர்கள். பெற்றோர் பெயரில் பங்கு இருந்து அவர்கள் மறைந்திருந்தால், பிள்ளைகள் சங்கத்தில் விசாரித்து வாரிசு உரிமையை முறைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு தகரப்பெட்டி இருக்கும். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் அதைத் திறந்து பாருங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருடைய பிறப்புப் பத்திரமும் இருக்கிறதா? அடையாள அட்டை, திருமணப் பதிவு, சேமநிதிக் கணக்கு, பங்குப் பத்திரம், சம்பளச் சீட்டு ஆகியவை ஒழுங்காக இருக்கின்றனவா? பிறப்புப் பதிவில்லாத பிள்ளை ஒன்று இருந்தால், பள்ளி தொடங்கும் நாள்வரை காத்திராமல் பதிவு இலாகாவுக்குச் செல்லுங்கள். வாசிக்கத் தெரிந்த மகனையோ மகளையோ பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு காகிதத்தையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பாட்டி கேட்கட்டும், சின்னப் பிள்ளைகளும் கேட்கட்டும்.

எரேமியாவின் பத்திரம் இருந்த மண்பாண்டம் இன்று இல்லை. பாபத்தாவின் தோல்பை இருக்கிறது. உங்கள் தகரப்பெட்டி உங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பயன்படும் வண்ணம் இருக்கட்டும்.